வட்டி எவ்வளவுங்கிறது இரண்டாவது கேள்வி

1/ கையில பணம் வந்ததும் நம்ம ஊர்ல கேட்கிற முதல் கேள்வி, "எங்க போட்டா எவ்வளவு வட்டி?" என்னைக் கேட்டா அது இரண்டாவது கேள்வி. முதல்ல கேட்க வேண்டியது, "நான் யாருக்குக் கடன் கொடுக்கிறேன்?" ரிட்டயர் ஆகப்போற அப்பா அம்மாவுக்கும் இதைப் படிச்சுக் காட்டுங்க.

2/ எஃப்.டி, பாண்ட், கம்பெனி டெபாசிட். பேர் எதுவானாலும் நீங்க கடன் கொடுக்கிறீங்க, எதிர்ல இருக்கிறவர் வாங்குறார். 'ஃபிக்ஸட்'னா வட்டி விகிதம் மட்டும்தான் ஃபிக்ஸட். அசல் திரும்பி வருமாங்கிறது வாங்குறவரோட நிலைமையைப் பொறுத்தது.

3/ எந்தக் கம்பெனியும் முதல்ல மலிவான பணத்தைத்தான் தேடும். கார்ப்பரேட் ஃபைனான்ஸோட அடிப்படையே இதுதான். பேங்க்ல 10, 12 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கும்போது, ஒருத்தர் உங்களுக்கு மாசம் 10% தர ஏன் தேடி வர்றார்? அது வருஷத்துக்கு 120%. உங்க 1 லட்சத்தை அவர் ஒரே வருஷத்துல 2.2 லட்சம் ஆக்கினாத்தான் உங்களுக்கே கொடுத்து முடிக்க முடியும். நேர்மையான எந்தத் தொழில்ல இது நடக்குது? புதுசா சேர்றவங்க பணத்தை எடுத்துப் பழையவங்களுக்குக் கொடுத்தாத்தான் உண்டு.

4/ ஆருத்ரா வழக்குல சுமார் 1 லட்சம் பேர், 2,400 கோடிக்கு மேல. அத்தனை பேரும் பேராசைக்காரங்கன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துல தனிவட்டி, கூட்டுவட்டி போடக் கத்துக்கொடுத்தோம். அந்த வட்டி எங்கிருந்து வருதுன்னு கேட்கக் கத்துக்கொடுக்கலை.

5/ பெரிய பேரை மட்டும் நம்பிப் போடவும் முடியாது. 2020 மார்ச்ல யெஸ் பேங்க்கோட 8,415 கோடி ரூபா ஏடி-1 பாண்டுகள் பூஜ்யமாக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. அதே பேங்க்ல டெபாசிட் போட்டவங்க பணம் போகலை. பேங்க் ஒண்ணுதான், பத்திரத்துல இருந்த விதி வேற.

6/ அப்போ எங்க போடலாம்?
பேங்க் டெபாசிட்: ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு. நிதி நிறுவனத்துல போடுற டெபாசிட்டுக்கு இது கிடையாது.
தபால் ஆபீஸ் திட்டங்கள்: மத்திய அரசு பொறுப்பு. 60 வயசு ஆனவங்க சீனியர் சிட்டிசன் திட்டத்துல 30 லட்சம் வரை போடலாம்.
அரசு பத்திரம்: ரிசர்வ் வங்கியோட ரீடெயில் டைரக்ட்ல, 2021லருந்து நாமளே நேரடியா வாங்கலாம்.

7/ அரசு பத்திரத்துலயும் ஒரு விஷயம் இருக்கு. 7% வட்டிக்கு 10 வருஷப் பத்திரம் வாங்கிட்டீங்க. கொஞ்ச நாள்ல புதுப் பத்திரத்துக்கு 8% வந்துடுச்சுன்னா, உங்க 100 ரூபா பத்திரம் வெளில சுமார் 93க்குத்தான் போகும். கடைசி வரை வெச்சிருந்தா முழுசா வரும். அதனால 2 வருஷத்துல பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு வேணுங்கிற பணத்தை இதுல போடாதீங்க.

8/ "டாக்டருக்கு இதுல என்ன வேலை?" பணத்தை விட்டவங்க தூக்கம் வரலை, நெஞ்சு படபடங்குதுன்னு கடைசில வர்றது எங்க ஓ.பி.க்குத்தான். மாத்திரை எழுதித் தரலாம். போன பி.எஃப் பணத்தை எழுதித் தர முடியாது.

9/ கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மூணே கேள்வி. யாருக்குக் கடன்? எதிலிருந்து திருப்பித் தருவார்? தரலைன்னா யார் பொறுப்பு? பதில் வரலைன்னா, ஏஜென்ட்டா வந்து நிக்கிறது சொந்த மச்சானே ஆனாலும் காபி கொடுத்து அனுப்பிடுங்க.