கொக்கு அல்ல, உப்பே!

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூருக்கு மின்மினிப் பூச்சி பார்க்கப் போகும் குடும்பங்கள் நிறைய. இருட்டும்வரை புக்கிட் மெலாவத்தியில் குரங்குகளுக்குக் கடலை போட்டுப் பொழுதைப் போக்குவார்கள். அந்தக் குன்றின் அடிவாரத்திலேயே இயற்கைப் பூங்கா இருக்கிறது. அதன் சேற்றில் நிற்கும் பெரிய வெள்ளைப் பறவையைக் 'கொக்கு' என்று சொல்லிவிட்டு நடந்துவிடாதீர்கள். பால் நாரையாக இருக்கலாம். மலாயில் 'பூரோங் உப்பே'.

உயரம் ஏறக்குறைய மூன்றடி. உடல் வெள்ளை, சிறகின் ஓரமும் வாலும் மட்டும் கறுப்பு. முகத்தில் இறகே கிடையாது. சிவந்த வெறும் தோல். மஞ்சள் அலகு நுனியில் சற்று வளைந்திருக்கும். பறக்கும்போது இன்னும் சுலபம்: கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும், நாரை நீட்டிக்கொண்டே போகும்.

இரை பிடிப்பதுதான் வேடிக்கை. இதற்குக் கண்ணே வேண்டாம். அலகைப் பாதி திறந்தபடி கலங்கல் நீரில், சேற்றுக் குழியில் விட்டுத் துழாவும். ஏதாவது உரசினால் போதும், பட்டென்று மூடிக்கொள்ளும். இதன் அமெரிக்க உறவுக்கார நாரைக்கு அந்த வேலை முடிய 25 மில்லி விநாடியே ஆகிறதாம். நாம் கண் சிமிட்டும் நேரத்தில் கால்வாசிகூட இல்லை. சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீன் என்றால் உப்பேக்கு விருந்து. ஆகவே சேறும் கண்டல் மரமும் இல்லாத இடத்தில் அதற்குப் பிழைப்பில்லை.

பிழைப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது. பேராக் கரையோரத்தில் 1984இல் நூற்றுக்கு மேல் இருந்தவை, 2005இல் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. உலகில் மிச்சமிருப்பவற்றில் பெரும்பகுதி சுமத்ராவில். 2013இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது.

நம் தேசிய மிருகக்காட்சி சாலை 1987லேயே இவற்றை வளர்க்கத் தொடங்கியது. வளர்ந்தவற்றைக் கோலசிலாங்கூரிலும் பிறகு கோலகுலாவிலும் விட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதே சாலையின் ஏரியில் சங்குவளை நாரைகளும் கூண்டின்றித் திரிகின்றன. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்தில் கூடு கட்டுகிறதே, அதே நாரை. மார்பில் கறுப்புப் பட்டை, வால்பக்கம் ரோஜா நிறம். நெருங்கிய சொந்தம் என்பதால் இரண்டும் ஜோடி சேர்ந்துவிடுகின்றன. குஞ்சுகளும் பிறக்கின்றன, அவையும் பெருகுகின்றன.

கலந்தால் என்ன என்று கேட்கலாம். சங்குவளைக்கு இந்தியாவில் ஆயிரக்கணக்கில் உறவு உண்டு, அதற்கு நஷ்டமில்லை. விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் உப்பேக்கோ, ஒவ்வொரு கலப்பு ஜோடியும் ஒரு தலைமுறை இழப்பு. கலப்பினத்தைப் பிரித்துவைப்பதும், இனி விடும் பறவைகளுக்கு மரபணுச் சோதனை செய்வதும் செலவு பிடித்த வேலை. செய்யத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த முறை போனால் கடல் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள், தொலைநோக்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நாரையின் சிறகில் லேசாக ரோஜா நிறமோ, கரும்புள்ளியோ தெரிந்தால் அது கலப்பு. எதுவுமே தெரியாவிட்டால், ஒரு படம் எடுத்துப் பூங்கா அலுவலகத்தில் காட்டுங்கள்.