பரங்கி விதையை எறியாதீர்கள்!

பொங்கல் குழம்புக்குப் பரங்கிக்காய் நறுக்கியாயிற்றா? நறுக்கின கையோடு நடுவிலிருக்கும் நாரையும் விதையையும் குப்பைக் கூடைக்கு அனுப்பியிருப்பீர்களே! கொஞ்சம் பொறுங்கள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், வந்ததும் வராததுமாய், "அம்மா, தின்ன என்ன இருக்கு?" என்று குழந்தைகள் வந்து நிற்பார்கள். பண்டிகைச் செலவுக்குப் பிறகு பக்ஷணத்துக்கென்று தனியாகக் காசு எடுத்து வைக்க முடிகிறதா, என்ன?

பரங்கி என்று நான் சொல்வது மஞ்சள் பூசணியை. கோவைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு அது அரசாணிக்காய். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த காய் இது. மெக்சிகோவில் இதன் விதையை வறுத்துத் தின்பதோடு, அரைத்துக் குழம்புகூட வைக்கிறார்கள். நாமோ வீட்டு விதையை எறிந்துவிட்டு, அதே பருப்பைக் கடையில் பொட்டலமாக வாங்கி வருகிறோம்!

விதையைத் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்தால் நார் கழன்று, விதை மேலே மிதக்கும். ஒரு கிண்ணம் விதைக்கு இரண்டு கிண்ணம் தண்ணீரும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்துப் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். உப்பைக் கடைசியில் தூவினால் ஓட்டின் மேலேயே நின்றுவிடும். பிறகு வடித்து, முறத்தில் பரப்பி நல்ல வெயிலில் காய வையுங்கள். (காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.) அணில் மீது ஒரு கண் இருக்கட்டும்.

இந்தக் காய வைப்பதில்தான் ஒரு தடவை என் மானம் போயிற்று. கல்யாணமான புதிது. அவசரத்தில் ஈர விதையை அப்படியே வாணலியில் கொட்டித் தீயைத் தூண்டிவிட்டேன். மேலே கருகல், உள்ளே சவசவ. மாமனார் ஒன்றை வாயில் போட்டு, பாவம், மென்றுகொண்டே இருந்தார். மாமியார்தான், "ஏண்டி பெண்ணே, வறுக்கப் போட்டியா, முளைக்கப் போட்டியா?" என்று கேட்டார்.

காய்ந்த விதையைக் கனமான இரும்பு வாணலியில், சிறு தீயில், கைவிடாமல் புரட்டுங்கள். கால் மணி நேரம் ஆகலாம். படபடவென்று வெடித்து ஓடு சிவந்ததும் இறக்கி, அந்தச் சூட்டிலேயே கொஞ்சம் நெய், மிளகாய்த் தூள், பெருங்காயம் சேருங்கள். அடுப்பில் இருக்கும்போது தூள் போட்டால் கமறும். நன்றாக ஆறின பிறகே டப்பாவில் போடவேண்டும். இல்லாவிட்டால் நமத்துப் போகும்.

ஓடு மெல்லியதாக இருந்தால் அப்படியே மெல்லலாம். தடித்திருந்தால் ஓரத்தைக் கடித்து, உள்ளேயிருக்கும் பச்சைப் பருப்பை மட்டும் தின்னலாம். 100 கிராம் பருப்பில் சுமார் 30 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு அதைவிட அதிகம். ஆகவே ஆளுக்கு ஒரு பிடி போதும். சின்னஞ்சிறுசுகளுக்கு முழு விதை கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பருப்பைப் பொடித்து நெய்ச் சாதத்தில் பிசைந்து ஊட்டுங்கள்.

இன்னொன்று. கொல்லையில் தானாக முளைத்த கொடியின் காயானால், நறுக்கினதும் துளி சதையை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயும் வேண்டாம், விதையும் வேண்டாம். அந்தக் கசப்பு வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது.

தித்திப்பான காயாக அமைந்துவிட்டதா? உப்புத் தண்ணீரில் போடுமுன் நாலு விதையைத் தனியாக எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, முடிந்து வையுங்கள். ஆடி மாதம் ஊன்றலாம்.