வடிந்த ரத்தம் நோயாளிக்கே: ஒரு கொள்கைப் பிரகடனம்

பெரிய ரத்தக்குழாய் அறுவையில் நோயாளிக்கு முதல் கொடையாளர் நோயாளியேதான். இதுதான் எங்கள் கொள்கை. இதை ஏற்கும் மயக்க மருத்துவர்கள், ரத்தநாள அறுவை மருத்துவர்கள், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்கள், செவிலியர்கள், ரத்த வங்கி ஊழியர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் ரத்தத்துக்காக அலைந்த குடும்பத்தினர் எல்லோரும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பெயர் இன்னும் முடிவாகவில்லை. அதற்குத் தனிக் கூட்டம் போட்டால் சண்டைதான் வரும் என்பதால் வேலையை முதலில் ஆரம்பிக்கிறோம்.

எதை மாற்ற வந்திருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். வயிற்றுப் பெருந்தமனி வீங்கிய ஒருவருக்கு வயிற்றைத் திறந்து அறுவை நடக்கிறது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் ரத்தம் போவது இதில் அதிசயமில்லை. நம் உடம்பில் மொத்தம் இருப்பதே ஏறக்குறைய ஐந்து லிட்டர். உறிஞ்சிய ரத்தம் சக்‌ஷன் பாட்டிலில் சேர்கிறது. பிறகு ஹைப்போகுளோரைட் ஊற்றி அதைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். அதே நேரத்தில் கதவுக்கு வெளியே அவருடைய மகன் போனில் ஊர்க்காரர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்: “அண்ணே, உங்க குரூப் என்னண்ணே? நாலு யூனிட் வாங்கியிருக்கோம், பதிலுக்கு ஆள் கொண்டு வரச் சொல்றாங்க.” காசுக்கு ரத்தம் விற்பதை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது; 1998 ஜனவரி முதல் அந்த வியாபாரத்துக்குத் தடை. நல்ல தீர்ப்பு. ஆனால் வராந்தா ஓட்டம் நிற்கவில்லை. ரத்தம் கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும், பெண்ணுக்கு 120 நாள். அப்படிச் சேர்த்த பொருளை உறவினரிடம் இரவல் கேட்டுக்கொண்டே, நோயாளியின் சொந்த ரத்தத்தைக் கொட்டுவதற்கு எங்களால் இனி உடன்பட முடியாது.

வடியும் ரத்தத்தை நோயாளிக்கே திரும்ப ஏற்றும் முறை எப்படி நடக்கிறது? பெருந்தமனிக்கு மேலும் கீழும் கிளாம்ப் போட்டுவிட்டு வீங்கிய பையைத் திறப்பார்கள். உள்ளே பல நாளாகப் படிந்த கட்டி ரத்தத்தைக் கையால் அள்ளி வெளியே போட்டதும், முதுகெலும்பை ஒட்டிய சிறு தமனிகளின் வாய்களிலிருந்து ரத்தம் பின்வாக்கில் பீறிட்டு வரும். ஒவ்வொரு வாயாகத் தையல் போட்டு அடைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இழப்பு அதிகம். அப்போது உறிஞ்சும் குழாய் இரட்டைக் குழாயாக இருக்க வேண்டும். ஒன்று ரத்தத்தை இழுக்கும். மற்றது அதன் நுனியிலேயே ஹெப்பரின் கலந்த சலைனைச் சொட்டவிடும், ரத்தம் உறையாது. உறிஞ்சும் வேகத்தை அடக்கி வைக்க வேண்டும். ஆத்திரமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். வடிகட்டி வைத்த தொட்டியில் சேர்ந்த ரத்தம் அங்கிருந்து சுழலும் கிண்ணத்துக்குப் போகிறது. பெரியவர்களுக்கான கிண்ணம் பெரும்பாலும் 225 மில்லி. கனமான சிவப்பணுக்கள் சுவரோரம் ஒதுங்க, ஹெப்பரின், உடைந்த அணுக்களின் கசடு, பிளாஸ்மா எல்லாம் கழிவுப் பைக்கு வெளியேறும். பிறகு சலைன் விட்டு அலசல். அரிசி களைந்த தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிவது மாதிரி, வெளியேறும் நீர் சிவப்பு மாறித் தெளியும். கடைசியில் பையில் வந்து விழுவது சலைனில் மிதக்கும் சிவப்பணுக்கள். அளவில் பாதிக்கு மேல் அணுக்களே. ரத்தத்தைத் துடைத்த மாப்புகளைக்கூடத் தூக்கிப் போடாமல் சலைனில் முக்கிப் பிழிந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. எடின்பரோவில் ஜான் டங்கன் என்ற அறுவை மருத்துவர் 1885இல், ரயில் விபத்தில் கால் நசுங்கியவருக்கு அறுவை செய்தபோது வழிந்த ரத்தத்தை அவருக்கே திருப்பிச் செலுத்தினார். ரத்தப் பிரிவுகளை லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்தது 1901இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். சொந்த ரத்தம் என்பதால் பிரிவு தெரியாத காலத்திலும் பொருந்தியது. 1914இல் லைப்ஸிக்கில் யோஹன்னஸ் தீஸ், கருக்குழாய் வெடித்த பெண்களின் வயிற்றில் தேங்கிய ரத்தத்தைக் காஸ் துணியில் வடிகட்டி அவர்களுக்கே ஏற்றினார். ரத்த வங்கி எட்டாத ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் கரண்டியால் மொண்டு வடிகட்டிச் செய்திருக்கிறார்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ மருத்துவர் கிளெபனாஃப் இதற்கு இயந்திரம் கொண்டுவந்தார். அந்தத் தொடக்கக் கருவியில் காற்றுக்குமிழி ரத்தத்தோடு உள்ளே போகும் ஆபத்து இருந்தது. சுழற்றி அலசும் கருவி 1970களின் நடுவில் வந்த பிறகே முறை நிலைபெற்றது. அதன் வணிகப் பெயரான ‘செல் சேவர்’ இன்று எந்த நிறுவனத்தின் கருவிக்கும் தியேட்டரில் வழங்கும் பெயராகிவிட்டது.

ரத்த வங்கிப் பை 42 நாள் வரை குளிரில் இருக்கலாம். ஆனால் ஆக்சிஜனைத் திசுக்களிடம் விட்டுக்கொடுக்க உதவும் வேதிப்பொருள் அதற்குள் இரண்டு வாரத்திலேயே வெகுவாகக் குறைந்துபோகும். அலசிய சொந்த அணுக்களில் அது ஏறக்குறைய அப்படியே இருக்கும். அடுத்தவர் தொற்று இல்லை, எதிர்ப்பொருள் சிக்கல் இல்லை. 1952இல் பெந்தேயும் உடன்பணியாளர்களும் அடையாளம் காட்டிய அரிய ‘பம்பாய் ரத்தப் பிரிவு’ நோயாளிக்கு ரத்தம் தேடி அலைந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். சொந்த ரத்தத்தின் மதிப்பு அவருக்குத் தெரியும். அடுத்தவர் ரத்தம் வேண்டாம் என்கிற யெகோவாவின் சாட்சிகளிலும் பலர், குழாய்த் தொடர்பு அறுபடாமல் தம் உடம்போடு இணைந்திருந்தால் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

மிகைப்படுத்திப் பேசி ஆள் சேர்க்கமாட்டோம். அலசலில் பிளேட்லெட்டும் உறைவுப் பொருள்களும் போய்விடுகின்றன. இழப்பு பெரிதானால் பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் வங்கியிலிருந்து வந்தே ஆக வேண்டும். குடல் கிழிந்து மலம் கலந்தாலோ, பெட்டடைன் ஊற்றிக் கழுவினாலோ, ரத்தத்தை நிறுத்த உறைவுப் பொடி தூவினாலோ அந்த நேரத்தில் சாதாரண சக்‌ஷனுக்கு மாற வேண்டும். வெறும் தண்ணீர் பட்டால் அணுக்கள் வெடித்துவிடும். சிசேரியனில் எல்லோருக்கும் இதை வைத்தால் பலனுண்டா என்று பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். உறுதியான பலன் தெரியவில்லை. ஆகவே எல்லா அறுவைக்கும் இதைக் கேட்கவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் (NICE) 2015இல் சொன்னது மாதிரி, மிக அதிக ரத்தம் போகும் என்று தெரிந்த இதய, சிக்கலான ரத்தநாள அறுவைகள் போன்றவற்றுக்குப் பரிசீலியுங்கள் என்கிறோம். அவற்றுக்குள்ளும் எங்கள் கோரிக்கையின் எல்லை ரத்தநாள அறுவைதான்.

“இப்போதுதான் ஸ்டென்ட் வந்துவிட்டதே, வயிற்றைத் திறப்பதே குறைகிறதே” என்பார்கள். குறையட்டும், மகிழ்ச்சி. ஆனால் அந்த ஸ்டென்டின் விலை பல லட்சம். தமனியின் அமைப்பு அதற்கு ஒத்துவராதவர்களும், நெஞ்சிலிருந்து வயிறு வரை வீங்கியவர்களும் இன்னும் மேசைக்கு வருகிறார்கள். நடு இரவில் வெடித்து வருபவரும் வருகிறார்.

அடுத்தது செலவு. ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கிட் வேண்டும் என்பது உண்மை. அதற்கு எங்கள் வழி: முதலில் உறிஞ்சும் குழாயும் தொட்டியும் மட்டும் பிரியுங்கள். அலசுகிற அளவுக்கு ரத்தம் சேர்ந்தால்தான் கிண்ணத்தின் பையைக் கிழிக்க வேண்டும். சேரவில்லையென்றால் விலை கூடிய பாதி அப்படியே அலமாரிக்குத் திரும்பும். காப்பீட்டுத் தொகுப்பில் இந்தக் கிட்டுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். அதைவிடப் பெரிய கோரிக்கை, இதை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்ய வேண்டும் என்பது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனம் ரத்தப் பைக்குத் தொழில்நுட்பம் தந்து உள்ளூர் உற்பத்திக்கு வழி செய்தது; அதன் இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வால்வு செய்யத் தெரிந்த நாட்டுக்குப் பிளாஸ்டிக் கிண்ணம் செய்யத் தெரியாதா?

உண்மையில் இயந்திரம் வாங்குவதைவிட அதை ஓட்ட ஆள் வைப்பதுதான் கஷ்டம். உறை போட்டு மூலையில் நிற்கும் கருவியால் யாருக்கு என்ன லாபம்? பெருந்தமனி வெடிப்பு அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. ஆகவே இரவுப் பணியிலும் பழகிய டெக்னீஷியன் ஒருவர் இருக்க வேண்டும், அதற்கான பணியிடத்தை அரசு ஒதுக்க வேண்டும். அலசி முடிந்த பையில் நோயாளியின் பெயர், எண், முடித்த நேரம் எழுத வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். நோயாளியின் பக்கத்தை விட்டு அது நகரக் கூடாது, வங்கிக் குளிர்பெட்டிக்குப் போகவே கூடாது.

ரத்த தான முகாம் நடத்துகிறவர்கள் எங்களை எதிரியாகப் பார்க்க வேண்டாம். இங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் பிரசவத்தில் ரத்தம் கொட்டும் பெண்ணுக்கோ, மாதாமாதம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாக் குழந்தைக்கோ போகும்.

இயக்கத்தில் சேர ஒரே நிபந்தனை உண்டு. உறுப்பினர் வேலை செய்யும் தியேட்டரில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு பெருந்தமனி அறுவையிலும் எவ்வளவு ரத்தம் போனது, எவ்வளவு திரும்பியது, வங்கியிலிருந்து எத்தனை யூனிட் வந்தது, இயந்திரம் ஓடவில்லையென்றால் ஏன் ஓடவில்லை என்பதை அதில் அன்றன்றைக்கு எழுத வேண்டும். சக்‌ஷன் பாட்டிலில் கலந்த சலைனைக் கழிக்காமல் கணக்குக் காட்டக் கூடாது. சந்தா கிடையாது. கருவியோ கிட்டோ விற்கும் நிறுவனங்களிடமிருந்து நன்கொடை, மாநாட்டுச் செலவு, விருந்து எதுவும் வாங்கமாட்டோம்; புத்தாண்டு டைரியும் பேனாவும் இதில் அடக்கம்.