பாதி விலை, முழுச் சேவைக் கட்டணம்

நட்சத்திர விடுதிகள் மதிய உணவுக்குத் தரும் தள்ளுபடியை யாரும் தருமக் கணக்கில் எழுதவேண்டியதில்லை. வாரநாட்களின் நண்பகலில் மேசைகள் காலியாகக் கிடக்கின்றன. சமையற்காரர் சம்பளமும் குளிர்சாதனச் செலவும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். அரை விலைக்கேனும் ஆள் வரட்டும் என்பது நேரான வணிகம்.

கோணல் ரசீதில் இருக்கிறது. சென்னையில் அப்படியொரு விடுதியில் 1,600 ரூபாய் பஃபே 800-க்கு என்றார்கள். உணவில் குறையில்லை. ஆனால் ரசீதில் 10 விழுக்காடு 'சேவைக் கட்டணம்', அதுவும் தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கு: 160 ரூபாய். இரண்டின் மேலும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆக 1,132 ரூபாய் 80 காசு. வரி அரசுக்குப் போகிறது, விடுவோம். உணவுக்குப் பாதி விலை, சேவைக்கு மட்டும் முழு விலையா?

உணவகங்கள் இக்கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. நான் கேட்டதும் நீக்கினார்கள். பக்கத்து மேசைகளில் எவரும் கேட்கவில்லை. பரிமாறியவர் அருகில் நிற்கையில் கேட்பது அற்பத்தனம் என்ற கூச்சம் நமக்கு. அந்தக் கூச்சத்தை நம்பியே இவ்வசூல் நடக்கிறது.

பரிமாறுபவர் பெயரால் வாங்கும் பணத்தில் அவருக்குச் சேர்வது எவ்வளவு என்று அந்த ரசீது சொல்லவில்லை. நன்றி சொல்ல விரும்புவோர் அவர் கையிலேயே கொடுக்கட்டும். ஊதியம் முதலாளியின் பொறுப்பு. அதற்குப் பணம் போதாதென்றால் விளம்பரத்திலேயே 960 என்று எழுதட்டும். போவதா வேண்டாமா என்று நாம் வீட்டிலிருந்தே முடிவுசெய்துகொள்வோம்.