வெனிஸ் நகரில் யாருக்கு வீடு?

2025 மே மாதம், விடுமுறைக்கு இத்தாலி போய் வந்தேன். ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "வெனிஸ் நகரம் தண்ணீரில் மிதக்கிறதாமே?"

மிதக்கவில்லை. காயலில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளில், சேற்றில் மரக் கம்பங்களை அடித்து இறக்கி, அவற்றின் மேல் கட்டிய நகரம் அது. கார் கிடையாது. பஸ்ஸுக்குப் பதில் படகு. பாலங்கள் மட்டும் 400-க்கு மேல்!

ஆனால் அந்த ஊரில் குடியிருக்கத்தான் ஆள் குறைந்து வருகிறது.

1951-ல் பழைய நகரில் 1 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல் வசித்தார்கள். 2022-ல் அது 50 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. ரியால்டோ பாலத்தின் அருகே ஒரு மருந்துக் கடை. மிச்சமுள்ள ஜனத்தொகையைக் காட்டும் பலகையை 2008-ல் அதன் ஜன்னலில் வைத்தார்கள். நோயாளிக்கு ஜுரம் பார்ப்பதுபோல!

வெள்ளமும் ஒரு காரணம். 1966 நவம்பர் 4-ந் தேதி கடல் 194 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறியது. வேலை தேடி எதிர்க்கரைக்குப் போனவர்களும் உண்டு. இப்போது விரட்டுவது வாடகை. ஒரு குடும்பம் மாதம் முழுவதற்கும் கொடுக்கும் வாடகையை, உல்லாசப் பயணிகள் சில நாட்களிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் யாருக்கு விடுவார்?

5 யூரோ கட்டணம்

கூட்டத்தைக் குறைக்க, 2024 ஏப்ரல் 25-ந் தேதி முதல் நகரசபை நுழைவுக் கட்டணம் வசூலித்தது. ஆளுக்கு 5 யூரோ. அப்போது நம் பணத்தில் சுமார் 450 ரூபாய். அந்த ஆண்டு 29 நாட்கள். 2025-ல் 54 நாட்கள்; கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ.

நான் அதைக் கொடுக்கவில்லை. இரவு தங்குவோருக்கு விலக்கு. தங்கும் வரி மட்டும் உண்டு.

இதுதான் எனக்கு விளங்கவில்லை. காலை ரயிலில் வந்து மாலையில் போகிறவர் கூட்டம் சேர்க்கிறார், உண்மை. ஆனால் அவர் யாருடைய வீட்டையும் பிடிக்கவில்லையே! நான் நாலு இரவு ஒரு வீட்டையே பிடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் நிற்பவருக்குக் கட்டணம் போட்டால், வீட்டை இழந்தவருக்கு வீடு எப்படிக் கிடைக்கும்?

கீழ் வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். கொஞ்சம் ஆங்கிலம் பேசினார்.

"மாடியில் முன்பு ஒரு வாத்தியார் இருந்தார். மூன்று குழந்தைகள். ஒரே சத்தம்!" என்றார்.

"இப்போது எங்கே அம்மா?"

"எதிர்க்கரையில், மெஸ்த்ரேயில். தினமும் பாலம் தாண்டி இங்கே வந்துதான் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். நீங்கள் எப்போது காலி செய்கிறீர்கள்?"

"வியாழக்கிழமை காலையில்" என்றேன்.

"அப்படியானால் சாயங்காலம் அடுத்தவர் வந்துவிடுவார்" என்று சொல்லிவிட்டு, அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.