கருவியா, காப்பவரா?

பினாங்கு நகரத்திலே அண்மைக்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. அதற்கு மன்றமும் இல்லை, நீதிபதியும் இல்லை. தேநீர்க் கடையிலும், திருமண வீட்டிலும், ஆர்மீனியன் தெருச் சுவர்ச் சித்திரங்களுக்கு முன்னே கூடும் இளைஞர் குழாத்திலும் அது நாள்தோறும் எடுத்துக்கொள்ளப்பட்டு, நாள்தோறும் ஒத்திவைக்கப்படுகிறது. படம் பிடிப்பதற்கு நம்பத்தக்க கருவி பழைய பிலிம் காமிராவா, புதிய டிஜிட்டல் காமிராவா என்பதே அவ்வழக்கு. இது பொழுதுபோக்காளரின் விளையாட்டுச் சண்டை என்று நாம் ஒதுக்கியிருப்போம். ஆயின், இச்சண்டையின் ஆரவாரத்துக்கிடையே நம் மக்களின் முகங்களும் பெயர்களும் கேட்பாரின்றி அழிந்துகொண்டிருப்பதைக் கண்ட பின்னும் வாளாவிருத்தல் தகாது. ஆதலின், இருதிறத்தாரையும் நிறுத்திச் சில கேள்விகள் கேட்கத் துணிந்தோம்.

முதலில் பிலிம் கட்சியார் கூறுவதைக் கேட்போம். அவர்களுடைய செல்லப் பிள்ளை பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை உற்பத்தியான அக்கருவியில் மின்கலம் இருப்பது ஒளியை அளக்கும் முள்ளை அசைப்பதற்கு மட்டுமே. மின்கலம் செத்தாலும் ஷட்டர் வில்விசையின் வலியால் திறந்து மூடும். 1982இல் வந்த நிக்கான் எப்.எம்.2 வினாடியின் 4000இல் ஒரு பங்கு வேகத்தையும் மின்சாரத்தின் துணையின்றியே எட்டும். 1954இல் பிறந்த லைக்கா எம்3 இன்றும் பலர் கையில் தொழில் செய்கிறது. “கீழே விழுந்தாலும் எழுந்து வேலை செய்யும் கருவி இது, உங்கள் டிஜிட்டல் பொம்மை ஐந்தாண்டு உழைக்குமா?” என்பது அவர்கள் கேள்வி.

கேள்வியில் உண்மை உண்டு, ஆனால் பாதியுண்மை. பிலிம் காமிரா என்பது ஒரே சாதியன்று. அதே 1976இல் வெளிவந்து உலகெங்கும் விலைபோன கேனன் ஏ.ஈ.-1, மின்கலம் இல்லாவிடில் ஒரு படமும் எடுக்காது. அத்தகைய கருவியின் மின்சுற்று பழுதுற்றால், மாற்றுறுப்புக்காக வேறொரு பழைய காமிராவைப் பலியிட்டாக வேண்டும். பொறியமைப்பே முழுதுமாய் உள்ள கருவிக்கும் எண்ணெய் உலர்ந்தால் ஷட்டரின் வேகம் பிசகும். மேலும், கடல் சூழ்ந்த இத்தீவின் ஈரக்காற்றை அவர்கள் மறந்தார்கள் போலும்! அலமாரியில் பூட்டிவைத்த லென்சில் சிலந்தி வலைபோற் பூஞ்சை படர்வதைப் பினாங்கில் காமிரா வைத்திருப்போர் அறிவர். பிலிமும் விதிவிலக்கன்று. அதன் அசெட்டேட் அடித்தளம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடி நாற்றம் வீசும். வண்ணப் பிலிமின் சாயம் ஆண்டுகள் செல்லச்செல்ல வெளிறும்.

கருவி நூறாண்டு வாழ்ந்தாலும் அதற்குத் தீனி போடுவோர் வாழவேண்டாமோ? 1935இல் கோடாக் கம்பெனியார் கொணர்ந்த கோடாக்குரோம் என்னும் வண்ணப் பிலிம் 2009இல் நிறுத்தப்பட்டது. அதனை அதற்குரிய முறையில் கழுவித் தந்த கடைசிக் கூடம் அமெரிக்காவில் 2010 முடிவோடு அவ்வேலையைக் கைவிட்டது. அதற்குப் பின் பெட்டியிலே கழுவாமற் கிடந்த கோடாக்குரோம் சுருளினின்று அதன் வண்ணத்தை மீட்க வழியில்லை. நம் முன்னோர் நாட்டுக் கதையும் இதுவே. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை, ‘இந்து’ என்ற முத்திரையோடு பிலிம் செய்து தந்தது. அதுவும் நலிந்து மூடப்பட்டுவிட்டது. ஆகவே, “பிலிம் ஏமாற்றாது” என்பது பக்தியேயன்றி அறிவாகாது.

இனி டிஜிட்டல் கட்சியார். அவர்களுடைய கருவியும் கோடாக் தொழிற்கூடத்திலேயே பிறந்தது. 1975இல் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் இணைத்தமைத்த முதற்கருவி, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. அக்குழந்தையை வளர்க்கத் தயங்கிய கோடாக் கம்பெனி 2012இல் கடன் தீர்க்க வகையின்றி நீதிமன்றப் பாதுகாப்பை நாடிற்று. டிஜிட்டல் கருவியின் வலிமையை நாம் மறுக்கவில்லை. பிரதிக்குப் பிரதி தேயாத படம் தருவது அது ஒன்றே. சுருளுக்கும் கழுவுகூலிக்கும் வெள்ளி எண்ணிப் பார்க்க வேண்டிய தொழிலாளியும், கைத்தொலைபேசியால் செலவின்றித் தன் மகவின் முதல் நடையைப் பிடிக்கிறான். இது மாபெரும் சமத்துவம். இதனை நாம் வாழ்த்துகிறோம்.

ஆனால், “எடுத்தேன், ஆகவே இருக்கிறது” என்று இவர்கள் எண்ணுகிறார்களே, அங்கேதான் மோசம் போகிறார்கள். பிறர் வீட்டுக் கொட்டிலில் கட்டிய பசு, கொட்டிலுக்குரியவன் மனம் மாறினால் என்ன ஆகும்? மைஸ்பேஸ் என்னும் தளம், 2016க்கு முன் மக்கள் தன்னிடம் ஒப்படைத்த பாட்டும் படமும் போய்விட்டன என்று 2019இல் கைவிரித்தது. அளவின்றி இலவசமாய்ப் படம் சேர்த்து வைத்த கூகுள், 2021 ஜூன் முதல் அந்த இலவசத்துக்கு வரம்பு கட்டிற்று. தளத்தின் கதை இது. கையிலுள்ள தொலைபேசியோ, ஒருமுறை நழுவி நீரில் விழுந்தால் தீர்ந்தது.

இரு கட்சியாரின் கூற்றையும் ஒரே வீட்டில் வைத்துக் காண்போம். செபராங் பிறையில் எமக்கு அறிமுகமான ஒரு குடும்பம், மூன்று தலைமுறை ஒரே தோட்டத்தில் முதலிற் கித்தா மரத்துக்கும் பின்னர்ச் செம்பனைக்கும் உழைத்தது. தோட்டம் கைமாறிற்று, லயங்களை இடிக்க நாள் குறித்தார்கள். இடிபடுமுன் அவ்வீட்டுப் பேரன் லயத்தையும், கோவிலையும், பழைய பால் கொட்டகையையும், வீட்டுக்கு வீடு நின்ற முகங்களையும் நூற்றுக்கணக்கில் தொலைபேசியிற் பிடித்தான். அடுத்த மழைக்காலத்தில் அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கிற்று, ஆள் பிழைத்தான், தொலைபேசி வாய்க்காலோடு போயிற்று. அன்றைக்குத் தோட்டம் இரண்டாம் முறை இடிந்தது.

அதே வீட்டில் பாட்டியின் தகரப்பெட்டி ஒன்று உண்டு. அதனுள் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், சற்றும் மங்கவில்லை. ஐவர் நிற்கின்றனர், நடுவே தலைப்பாகையோடு ஒரு முதியவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவர் யார்? பாட்டி அறிவார், அவர் மறைந்து ஈராண்டாயிற்று. படத்தின் பின்புறத்தைத் திருப்பினோம். ஓர் எழுத்தும் இல்லை. டிஜிட்டல் கட்சியாரே, உங்கள் கருவி எடுத்த படம் தொலைந்தது. பிலிம் கட்சியாரே, உங்கள் கருவி எடுத்த படம் இருக்கிறது. அதிலுள்ள மனிதர் தொலைந்தார். இரண்டில் எதை வெற்றியென்று கொண்டாடுவோம்?

இந்நோய் புதிதன்று. 1860களில் ஜான் தாம்சன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் இத்தீவிலும் எதிர்க்கரையிலும் படம் பிடித்தார். அக்காலத்து முறையோ கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டிய முறை. மனிதன் கைபடாமல் உருவம் தோன்றுவது பேய்வித்தையென்று அஞ்சிச் சீனர் அவரிடம் வேலைக்கு வர மறுத்தனர். மதராஸ்காரர் இருவர் அஞ்சாது முன்வந்து, தொழில் பயின்று, படங்களை அச்சிடவும் அவருக்குத் துணைநிற்கவும் செய்தனர். 1875இல் வெளியிட்ட பிரயாண நூலில் தாம்சனே இதனைக் கூறுகிறார். அவர்தம் படங்கள் இன்று உலகத்துக் காட்சிச்சாலைகளில் மதிப்போடு காக்கப்படுகின்றன. அவ்விருவர் பெயர் என்ன? அவர் எழுதவில்லை. பினாங்கின் முதற் புகைப்படத் தொழிலாளருள் இருவர் நம்மவர் என்று பெருமை பேச வாய்ப்பிருந்தும், பெயர் சொல்ல வாயில்லை நமக்கு!

சயாம் மரண ரயிலை நினையுங்கள். 1943இல் ஜார்ஜ் ஆஸ்பினால் என்னும் ஆஸ்திரேலியக் கைதி, மடிப்புக் கோடாக் காமிரா ஒன்றை ஜப்பானியர் கண்ணில் படாது மறைத்து, எக்ஸ்-ரே பிலிமை வெட்டிச் செருகித் தம் தோழர்களின் நிலையைப் படமாக்கினார். பிலிம் காமிராவின் உறுதிக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆனால், அவர் தோழர் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லும் உண்டு. அதே பாதையில் மாண்ட நம் தோட்டத்துத் தமிழருட் பெரும்பாலோர்க்கு முகமும் இல்லை, கல்லும் இல்லை. காமிரா இல்லாமையால் மட்டுமா? எண்ணி எழுதிவைக்கத் தக்கவர் இவர் என்று எவரும் கருதாமையால் அன்றோ!

1948இல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் மலாயாவில் அடையாள அட்டை வந்தபோது அரசாங்கத்தார் என்ன செய்தனர்? முகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகவில்லை. முகத்தோடு பெயரையும் கைரேகையையும் சேர்த்தே பதிந்தனர். பெயரற்ற முகம் எதற்கும் பயன்படாது என்பது அவர்கட்குத் தெரிந்தது. நம்மை அடக்கி ஆள வந்தவன் அறிந்த உண்மையை, நம்மை நேசிக்கும் நாம் அறியாதிருப்பது வெட்கமன்றோ? இன்றும் மாலையிட்டுச் சுவரில் தொங்கும் பெரியவர் படங்கள் பலவற்றை உற்று நோக்குங்கள்: அவை அடையாள அட்டைப் படத்தைப் பெருக்கிச் செய்தவை. “அடிக்கடி படம் பிடித்தால் ஆயுள் குறையும்” என்ற மூடநம்பிக்கையால் வாழ்நாளெல்லாம் காமிராவுக்கு ஒளிந்தவரை, இறந்த அன்று தேடி ஓடியதன் விளைவு அது.

“தோட்டத்துத் தொழிலாளிக்கு இதற்கெல்லாம் பொழுதேது, காசேது?” என்று கேட்பார் உளர். பிலிம் காமிரா வாங்குங்கள் என்றா சொன்னோம்? ஒரு பென்சில் போதும். இருக்கும் பழைய படங்களை எடுங்கள். முதியோரைப் பக்கத்தில் அமர்த்துங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மென்மையாக எழுதுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் படத்தைப் பிய்க்காதீர்கள். அப்படியே தொலைபேசியிற் படமெடுத்து வேறொரு வீட்டாரிடமும் ஒரு பிரதி வையுங்கள். தொலைபேசியில் எடுத்தவற்றுள் ஆண்டுக்குப் பத்துப் படமேனும் காகிதத்தில் அச்சிட்டுப் பெயரெழுதுங்கள். ஒன்று வெள்ளத்திற் போனாலும் ஒன்று நிலைக்கும்.

எமக்குப் பிடித்த காமிரா எது என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். தொழில் கற்போனுக்குக் கே1000 நல்லாசான் என்போம்; அவசரத்துக்குக் கையிலுள்ள தொலைபேசியே நற்றுணை என்போம். நம்பிக்கைக்கு உரியது எது என்று கேட்பின், இரண்டும் அல்ல என்பதே எமது தீர்ப்பு. ஷட்டர் திறந்து மூடும் நொடியோடு கருவியின் கடமை முடிந்தது. அதற்கு மேல் உள்ள ஐம்பது ஆண்டுக்கும் பொறுப்பு, காப்பவருடையது.

தோழர்களே! தோட்டங்கள் மறைகின்றன, அவற்றை அறிந்த முதியோரும் ஒருவர்பின் ஒருவராய் மறைகின்றனர். வழக்காடியது போதும். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் தகரப்பெட்டியைத் திறவுங்கள். நடுவில் அமர்ந்திருப்பவர் யார் என்று, சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே கேளுங்கள்.