பூவுக்கு முன் பெயர்

ஆண்டுதோறும் நவம்பர் 11 நெருங்குகையில் இங்கிலாந்திலும் கனடாவிலும் மக்கள் தம் சட்டையில் சிவப்புச் செயற்கை மலரொன்றைக் குத்திக்கொள்கின்றனர். பாப்பி என்னும் அம்மலர், முதல் உலகப் போரில் மாண்டோரின் நினைவுச் சின்னம். கனடாவின் படை மருத்துவர் ஜான் மெக்ரே 1915-இல் எழுதிய கவிதை அதற்குப் புகழ் தந்தது. 1921 முதல் பிரித்தானியாவில் படைவீரர் நலநிதிக்காக அது விற்கப்படுகிறது.

அச்செடியின் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கவல்லது. மண் கிளறப்பட்டால் முளைக்கும். பெல்ஜியத்து வயல்களைப் பீரங்கிக் குண்டுகள் புரட்டிப் போட்டன. புதைகுழிகளின்மேல் பாப்பி செழித்தது. எவரும் நட்ட மலரன்று அது. அந்த மண்ணில் அந்தப் போர் முளைப்பித்த மலராதலின் அதற்கு அப்பொருள் வாய்த்தது.

அம்மலரைப் போற்றும் நினைவுத் தோட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. அத்தகைய தோட்டம் தருமபுரி மாவட்டத்திலுள்ள நம் மொரப்பூருக்கு வேண்டுமா? வேண்டும். ஆனால் பிறர் மண்ணின் துயரம் பூத்த மலரைக் கொணர்ந்து நடுவதால் நம் நினைவு வேர்விடாது.

மொரப்பூருக்குப் போர் என்பது தொலைதேயத்துச் செய்தியன்று. இங்கிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஓடத் தொடங்கிய குறும்பாதை இரயில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-இல் நின்றுபோனது. அதனினும் பழைய போர்களுக்குச் சான்றாகத் தருமபுரி மாவட்டமெங்கும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்டவன் வில்லும் வாளும் ஏந்திய கோலத்தில் கல்லில் நிற்கிறான். அவன் காலம் மறந்துபோயினும் மக்கள் அவனைக் கைவிட்டாரல்லர். வேடியப்பன் என்று பெயரிட்டு, மஞ்சள் பூசிப் பொங்கலிட்டு வணங்குகின்றனர்.

நடுகல்லுக்குரிய கல் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. கவர்ந்துசெல்லப்பட்ட நிரையை மீட்போர்க்குரிய பூ கரந்தை. இன்று கொட்டைக்கரந்தை என வழங்கும் செடி, அறுவடை முடிந்த நெல்வயலில் செந்நீல உருண்டைப் பூக்களோடு தானே தலைகாட்டுகிறது. தகடூர் என்னும் இதே தருமபுரியை ஆண்ட அதியமான் மாண்டபோது, அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததைக் கண்டு ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் உள்ளது. நினைவுக்குரிய மலரும் மரபும் நமக்குப் புதியன அல்ல.

எனினும் நம் முன்னோர் பூவோடு நிற்கவில்லை. செங்கம் பகுதியில் உள்ள எடுத்தனூர் நடுகல்லைக் காண்க. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எருமை மந்தையைக் காத்து மாண்ட கருந்தேவகத்தியின் பெயர் அதில் உள்ளது. கள்ளரைக் கடித்து அவனருகே காவல் நின்ற நாயின் உருவும் உள்ளது; கோவிவன் என்ற அதன் பெயரும் வட்டெழுத்தில் உள்ளது.

இதனோடு பிற்காலக் கல்லொன்றை ஒப்பிடுவோம். முதல் உலகப் போரில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர் பணியாற்றினர். 74,000-க்கு மேற்பட்டோர் மீளவில்லை. போருக்குப் பின் ஆங்கில அரசு நம் ஊர்கள் பலவற்றில் கற்பலகை பதித்தது. இவ்வூரிலிருந்து இத்தனைபேர் சென்றனர், இத்தனைபேர் உயிர்நீத்தனர் என்பதே அதன் வாசகம். பெயரில்லை. பல்லவர் காலத்துச் சிற்றூர் நாய்க்குச் செய்த மரியாதையைப் பேரரசு தன் படைவீரனுக்கு அவன் பிறந்த ஊரில் செய்யவில்லை. பிரான்சின் நூவ் ஷபேலில் 1927-இல் எழுந்த நினைவகத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்கள் உள்ளன என்பது மெய்யே. ஆயினும் பெற்றவள் சென்று தடவிப்பார்க்கக் கூடிய தொலைவில் அக்கல் இல்லை.

அக்குறையை இனியேனும் தீர்க்கலாம். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் மாண்ட இந்தியர் பலரின் தந்தை பெயரும் ஊரும் காணப்படுகின்றன. அவற்றில் நம் வட்டாரத்து ஊர்களைத் தேடி எடுத்தல் வேண்டும். விடுதலைக்குப் பின் எல்லையில் வீழ்ந்தோரையும் சேர்த்தல் வேண்டும். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடக்கும் நடுகற்களை ஊராட்சிகள் பட்டியலிட்டு, நிற்கும் இடத்திலேயே காத்தல் வேண்டும். வேடியப்பனை வணங்குவோரை விலக்கி வேலியிடுவது காப்பாகாது. அவர்களே இதுகாறும் காத்தவர்கள்.

இவ்வளவும் செய்தபின் மொரப்பூரில் தோட்டம் அமையட்டும். கரந்தையும் தும்பையும் பூக்கட்டும். பெயரறியாத இடத்தில் எத்துணை மலர் சொரிந்தாலும் அது அழகேயன்றி நினைவாகாது. பாத்தி கட்டுவதற்கு முன் கல் வரட்டும். கல்லில் முதலில் ஒரு பெயர் வரட்டும்.